மரத்துல தொங்குற கொடி: டென்மார்க் கிறிஸ்துமஸ்ல இருந்து மாஸ்கோ நியூ இயர் படம் வரைக்கும்

டென்மார்க்ல ஒரு வீட்டுக்கு டிசம்பர் 24 சாயங்காலம் போனீங்கன்னா ஹால்ல ஒரு ஃபிர் மரம் நிக்கும், உச்சியில நட்சத்திரம், கிளையில நிஜ மெழுகுவர்த்தி (இன்னும் நிறைய வீட்ல தீக்குச்சி கிழிச்சு ஏத்துற மெழுகுவர்த்திதான்), அது கூடவே மேல இருந்து கீழ வரைக்கும் நூல்ல கோத்து விட்ட குட்டி குட்டி பேப்பர் கொடி. சிவப்பு துணியில வெள்ளை சிலுவை போட்ட அவங்க தேசியக் கொடி. நம்ம ஊர்ல ஆகஸ்ட் 15க்கு ஸ்கூல் கிரவுண்ட்ல தோரணம் கட்டுவோமே, அத கொண்டு போய் கிறிஸ்துமஸ் மரத்துல சுத்தி விட்ட மாதிரி இருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் வீட்ல இருக்குற எல்லாரும், பாட்டில இருந்து பேரப்புள்ள வரைக்கும், கை கோத்துக்கிட்டு பாட்டு பாடி அந்த மரத்த சுத்தி சுத்தி ஆடுவாங்க.

முதல் தடவ பாக்குற நம்ம ஆளுங்களுக்கு கண்டிப்பா ஒரு கேள்வி வரும், சாமி விசேஷத்துல அரசாங்கக் கொடி எதுக்குங்க? நமக்கு கொடின்னா கலெக்டர் ஆபீஸ், போலீஸ் அணிவகுப்பு, சல்யூட், அட்டென்ஷன்ல நிக்கிறது. அங்க அப்படி இல்ல. பிறந்தநாள் கேக் மேல குட்டிக் கொடி குத்தி வைப்பாங்க, சாப்பாட்டு மேசையில ஒரு சாண் உயரத்துல கொடிக்கம்பம் வைப்பாங்க, கோபன்ஹேகன் ஏர்போர்ட்ல ஊர்ல இருந்து வர்ற பொண்ண கூட்டிட்டு போக வந்த அம்மா கையில கொடி இருக்கும். கொடின்னா அங்க "நம்ம வீட்ல இன்னைக்கு விசேஷம்"னு அர்த்தம். டிசம்பர் 25 அரசாங்க கணக்குப்படியே கொடி ஏத்துற நாள்தான். ஆனா இந்த பாசம் சும்மா வரல, அதுக்குப் பின்னாடி ஒரு தடையும் ஒரு தோல்வியும் இருக்கு. அத சொல்லாம மரத்துல ஏன் கொடி தொங்குதுன்னு புரிய வைக்க முடியாது.

அந்தக் கொடிக்கு பேரு டானெப்ரோ. 1219 ஜூன் 15ம் தேதி இன்னைக்கு எஸ்டோனியாவுல இருக்குற தாலின் பக்கத்துல நடந்த சண்டையில, டேனிஷ் ராஜா ரெண்டாம் வால்டமார் தோத்துப் போற நிலைமையில இருந்தப்போ வானத்துல இருந்து இந்தக் கொடி விழுந்துச்சாம், அத தூக்கிப் பிடிச்சதும் ஜெயிச்சுட்டாங்களாம். இது புராணக்கதைதான், ஆனா அங்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச கதை. இன்னைக்கும் பயன்பாட்டுல இருக்குற தேசியக் கொடிகள்லயே ரொம்பப் பழசுன்னு சொல்றது இதத்தான்.

இந்தக் கொடிக்கும் நமக்கும் நேரடி சம்பந்தம் இருக்குங்கிறது நிறைய பேருக்கு தோணாது. தரங்கம்பாடி! 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கட்டுன டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடற்கரையில நிக்குது. 1706ல அங்க வந்து இறங்குன சீகன்பால்க் தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சது அந்த ஊர்லதான். 1845ல பிரிட்டிஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போற வரைக்கும், கிட்டத்தட்ட 225 வருஷம் டேனிஷ் கொடிக்கு நம்ம கடற்கரையில இடம் இருந்துச்சு. ஆனா அந்த 1845ல டென்மார்க்ல ஒரு சாதாரண ஆள் தன் வீட்டு வாசல்ல அதே கொடிய ஏத்த முடியாது. 1834ல ராஜா தடை போட்டிருந்தாரு, கொடி ராஜாவோடது, படையோடது, கப்பலோடதுன்னு. அந்தத் தடை நீங்குனது 1854லதான். தரங்கம்பாடியில கொடி இறங்கி ஒன்பது வருஷம் கழிச்சுதான் டென்மார்க்ல தனி ஆளுங்க வீட்டு வாசல்ல சட்டப்படி ஏறுச்சு. எனக்கு இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும்.

சரி மரத்துக்கு வருவோம். கிறிஸ்துமஸ் மரம் டென்மார்க்கோட சொந்த சரக்கு கிடையாது, ஜெர்மன் பக்கத்துல இருந்து வந்த பழக்கம். 1808ல ஹோல்ஸ்டைன்போர்க்னு ஒரு பெரிய மாளிகையில முதல் மரம் வச்சதா சொல்றாங்க, 1811ல கோபன்ஹேகன்ல ஒரு வீட்ல வச்சப்போ தெருவுல போறவங்க எல்லாம் ஜன்னல் வழியா நின்னு வேடிக்கை பாத்தாங்களாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பணக்கார வீட்ல இருந்து எல்லா வீட்டுக்கும் பரவுச்சு. அதே காலத்துலதான் தெற்கு எல்லையில ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்காக ஜெர்மன்காரங்களோட சண்டை. 1848ல இருந்து மூணு வருஷம் நடந்ததுல டென்மார்க் ஜெயிச்சுச்சு, ஊரெல்லாம் கொடி. அந்த தேசபக்தி சூட்டுலதான் மரத்துலயும் கொடி தொங்க ஆரம்பிச்சது. மரம் வந்தது ஜெர்மன்காரங்க கிட்ட இருந்து, அதுல தொங்குற கொடி வந்தது அதே ஜெர்மன்காரங்களோட போட்ட சண்டையில. ஒரே மரத்துல ரெண்டும் இருக்கு, யாருக்கும் அது உறுத்தல.

அடுத்த சண்டை 1864. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேந்து வந்தாங்க, டென்மார்க் படு தோல்வி. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் ரெண்டும் கைய விட்டுப் போச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட டேனிஷ் ஆளுங்களுக்கு அவங்க கொடிய ஏத்த அனுமதி இல்ல. அப்போதான் அங்க ஒரு பன்னி கதை வருது. ஹூசும் ஊர் பக்கத்து விவசாயிங்க செவலை நிற உடம்புல முன்னங்கால் மேல வெள்ளைப் பட்டை விழுற மாதிரி பன்னிய வளத்தாங்க. சிவப்பு, நடுவுல வெள்ளை. கொடிய ஏத்தக்கூடாதுன்னு சட்டம் போடலாம், தோட்டத்துல பன்னி மேயக்கூடாதுன்னு எப்படி போடுவாங்க? இன்னைக்கும் அந்த இனத்துக்கு பேரே போராட்டப் பன்னிதான், ஜெர்மனியில ரொம்ப கொஞ்சமா மிச்சம் இருக்குற அரிய இனம், மிருகக்காட்சி சாலைங்கள்ல வச்சு காப்பாத்துறாங்க. 1920ல ஓட்டெடுப்பு நடத்தி வட ஷ்லெஸ்விக் மட்டும் டென்மார்க்குக்கு திரும்புச்சு, அப்போ ராஜா பத்தாம் கிறிஸ்டியன் வெள்ளைக் குதிரையில பழைய எல்லைய தாண்டி வந்தாரு. அந்த 56 வருஷமும் கொடி பொது இடத்துல இல்லாம மனசுலயும் வீட்டுக்குள்ளயும் மட்டும் இருந்த மக்கள் அவங்க. கொடின்னா அரசாங்கத்தோடதுங்கிற எண்ணம் போய் நம்ம வீட்டோடதுங்கிற எண்ணம் அந்த நாட்டுல எப்படி ஊறுச்சுங்கிறதுக்கு எனக்கு இத விட நல்ல விளக்கம் கிடைக்கல.

மரத்துல கொடி கூட இன்னொன்னும் தொங்கும், சிவப்பு வெள்ளை பேப்பர ஒன்னுக்குள்ள ஒன்னு பின்னி செய்ற இதயம், உள்ள மிட்டாய் போடலாம், பை மாதிரி திறக்கும். நமக்கு தெரிஞ்சு ரொம்ப பழசா கிடைச்சிருக்குறது 1860ல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் கையால பின்னுனது. தேவதைக் கதை எழுதுன அதே ஆண்டர்சன்தான், அவருக்கு பேப்பர் வெட்டுறது பெரிய கிறுக்கு. அப்புறம் இந்த இதயத்துக்கு கொடியோட நிறமே வழக்கமாயிடுச்சு. இப்போ டிசம்பர்ல டேனிஷ் புள்ளைங்க ஸ்கூல்ல உக்காந்து பின்னக் கத்துக்குற கைவேலை இதுதான்.

டேனிஷ் புள்ளைங்களுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா இருக்குற ஊர் கிரீன்லாந்து. (ஃபின்லாந்து ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு அவரு லாப்லாந்துல கோர்வடுன்டுரி மலையில இருக்காரு. கனடாக்காரங்க அவருக்கு பின்கோடே குடுத்திருக்காங்க, ஹோ ஹோ ஹோன்னு படிக்கிற மாதிரி எழுத்தும் பூஜ்யமும் மாத்தி மாத்தி.) கிரீன்லாந்துக்கு தனிக் கொடி வந்தது 1985ல. பக்கத்து நாடுங்க எல்லாம் சிலுவை போட்ட கொடி வச்சிருக்கும்போது இவங்க மட்டும் சிலுவை வேண்டாம்னுட்டாங்க, சிலுவை போட்ட பச்சை வெள்ளை டிசைன 14க்கு 11னு ஓட்டுல தோக்கடிச்சு, ஐஸ் மேல பாதி சூரியன் இறங்குற மாதிரி சிவப்பு வெள்ளை வட்டத்த எடுத்துக்கிட்டாங்க. வரைஞ்சவரு தூயே கிறிஸ்டியன்சன், அந்த ஊர் ஆளு. நிறம் மட்டும் டேனிஷ் நிறம். பனியும் சூரியனும் மட்டுமே இருக்குற ஒரு கொடி, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில போட்டா கூட பொருந்தும்.

கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவுல ஹான்ஸ் தீவுன்னு ஒரு மொட்டைப் பாறை இருக்கு, ஒரு சதுர கிலோமீட்டர் சொச்சம், ஆள் கிடையாது. 1984ல டென்மார்க் அமைச்சர் ஒருத்தர் போய் கொடி நட்டு, கூடவே ஒரு பாட்டிலும் வச்சுட்டு வந்தாரு. அதுக்கப்புறம் கனடாக்காரங்க போனா டேனிஷ் கொடிய மடிச்சு வச்சுட்டு தங்க கொடிய நட்டு விஸ்கி வச்சுட்டு வருவாங்க, இவங்க போனா அத மடிச்சுட்டு டேனிஷ் சரக்கு வைப்பாங்க. ஒரு துப்பாக்கி சத்தம் கூட இல்லாம பல வருஷம் ஓடுன எல்லைத் தகராறு இது. 2022 ஜூன்ல தீவ ரெண்டா பங்கு போட்டு முடிச்சுட்டாங்க.

நார்வே பக்கம் போனா கொடித் தோரணம் அங்கயும் மரத்துல உண்டு. ஆனா அங்க 1940ல இருந்து 1945 வரைக்கும் நாஜி ஆக்கிரமிப்பு, அப்போ இந்தச் சின்னச் சின்ன அலங்காரமெல்லாம் ரொம்ப சீரியஸான விஷயமா மாறிடுச்சு. நார்வே கிறிஸ்துமஸ்ல நிஸ்ஸேன்னு ஒரு குட்டிக் குள்ளன் வருவான், பண்ணையக் காக்குற வீட்டு தேவதை மாதிரி, தலையில சிவப்பு கம்பளித் தொப்பி. ஜனங்க எதிர்ப்ப காட்ட அதே சிவப்புத் தொப்பிய போட்டுக்கிட்டு தெருவுல நடந்தாங்க. 1942 பிப்ரவரி 26ல இருந்து அந்தத் தொப்பியப் போடக்கூடாதுன்னு போலீஸ் அறிவிப்பு வந்துச்சு! ஒரு கம்பளித் தொப்பிக்கு தடை. கிறிஸ்துமஸ் கார்டுலயும் இதே கதைதான், வழக்கமா "நல்ல கிறிஸ்துமஸ்"னு போடுற இடத்துல "நல்ல நார்வே கிறிஸ்துமஸ்"னு ஒரு வார்த்தை சேத்து, நிஸ்ஸே கையில கொடியோட அச்சடிச்சாங்க, அதையும் பறிமுதல் பண்ணாங்க. அந்த ஒரு வார்த்தைய ஆக்கிரமிச்சவனால தாங்க முடியல. போர் முடிஞ்சதும் நன்றிக்கடனா 1947ல இருந்து வருஷா வருஷம் ஓஸ்லோ நகரம் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துக்கு ஒரு பெரிய மரம் அனுப்புது, போர் சமயத்துல நார்வே ராஜா இருந்து அரசாங்கம் நடத்துனது லண்டன்லதானே. அந்த மரத்துக்கு வெள்ளை விளக்குதான், மேல இருந்து கீழ நேர் கோடா, நார்வே வீடுங்கள்ல போடுற மாதிரி.

இப்போ சினிமா, அதுக்கு முன்னாடி ஒரு மக்களப் பத்தி சொல்லணும். நார்வேயோட வடக்கு ஓரத்துல ஃபின்மார்க் பகுதியில மீன் ஃபேக்டரிகள்ல வேலை பாக்க போன ஈழத் தமிழர் நிறைய பேர் உண்டு, அவங்க அங்க போய் பாத்த பூர்வகுடி மக்கள்தான் சாமி மக்கள், கலைமான் மேய்க்கிறவங்க. கிறிஸ்துமஸ் தாத்தா வண்டிய இழுக்குற அந்த மான் உலகம் பூரா கார்ட்லயும் சாக்லேட் டப்பாவுலயும் இருக்கு, ஆனா அந்த மான தலைமுறை தலைமுறையா வளத்த ஜனங்களுக்கு கொடின்னு ஒன்னு அதிகாரப்பூர்வமா வந்தது 1986 ஆகஸ்ட் 15லதான். நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யான்னு நாலு நாட்டுல பரவி இருக்குற ஒரு மக்கள், அவங்க மொழிய ஸ்கூல்ல பேச விடாத காலமெல்லாம் இருந்துச்சு. 1970கள் கடைசியில நார்வேயில ஆல்டா ஆத்துல அணை கட்ட எதிர்ப்பு தெரிவிச்சு பார்லிமெண்ட் வாசல்ல கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. அணை கட்டியாச்சு, ஆனா அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் அவங்களுக்குன்னு சட்டசபை வந்துச்சு, 1989ல நார்வேயில திறந்தாங்க. கொடிய வரைஞ்சது ஆஸ்ட்ரிட் போல்ங்கிற பெண் ஓவியர். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், அவங்க பாரம்பரிய உடையோட நிறம். நடுவுல ஒரு வட்டம், பாதி சிவப்பு, பாதி நீலம். சிவப்பு சூரியன், நீலம் நிலா. மாசக்கணக்குல சூரியனே எழாத குளிர்காலம் இருக்குற ஊர்ல இத விட பொருத்தமா என்னத்த வரைய முடியும்?

2013ல வந்த 'ஃப்ரோசன்' படத்த எடுத்துக்குங்க. ஆரென்டெல்னு ஒரு கற்பனை ராஜ்ஜியம், நார்வே கடலோர மலைய பாத்து வரைஞ்சது, அதுக்கு ஒரு கற்பனைச் சின்னம், தங்க நிற குரோக்கஸ் பூ. பனி உருகும்போதே மண்ணுல இருந்து முதல் ஆளா எட்டிப் பாக்குற பூ அது, குளிர்காலம் முடியாத ராஜ்ஜியத்தோட கதைக்கு யோசிச்சு போட்டிருக்காங்க. படத்தோட ஆரம்பத்துல ஒரு கோரஸ் வரும்ல, அத எழுதுனவரு ஃப்ரோடே ஃபியெல்ஹைம், சாமி வழி வந்த இசையமைப்பாளர், அந்த மக்களோட யோய்க் பாட்டு முறையில இருந்து எடுத்தது. ஆனா முதல் படத்துல சாமி மாதிரி உடுப்பு போட்ட மான்காரன் இருந்தும் அவங்க கிட்ட சரியா கலந்து பேசலன்னு விமர்சனம் வந்துச்சு. ரெண்டாவது படம் எடுக்கும்போது டிஸ்னி சாமி சட்டசபைகளோடயும் சாமி கவுன்சிலோடயும் எழுத்துல ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு, அவங்க ஆளுங்க ஆலோசனை சொல்லணும், படம் வட சாமி மொழியில டப்பிங் ஆகணும்னு. 2019ல அது நடந்துச்சு. அந்த ரெண்டாம் பாகத்தோட கதைல என்ன வருது தெரியுமா, ராஜா ஒருத்தர் காட்டு மக்களுக்கு பரிசுன்னு சொல்லி கட்டிக் குடுத்த அணை அவங்க மண்ணுக்கே கெடுதலா முடியுது. ஆல்டா தெரிஞ்சவங்களுக்கு அந்தக் காட்சி வேற மாதிரி படும், எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. அதே படத்துக்கு தமிழ்ல ராணி எல்சாவுக்கு குரல் குடுத்தது ஸ்ருதி ஹாசன். நமக்கு டப்பிங் படம்ங்கிறது சாதாரண விஷயம், டிவிய போட்டா வந்துடும். முப்பதாயிரத்துக்கும் கம்மியான பேரு பேசுற ஒரு மொழிக்கு அது சாதாரணம் இல்ல. அந்தப் புள்ளைங்க தியேட்டர்ல உக்காந்து ராணி தன் மொழியில பேசுறத கேட்டாங்கன்னா, அது கொடி ஏத்துன நாள் அளவுக்கு பெருசுன்னு நான் நினைக்கிறேன்.

ஐரோப்பாவுல கிறிஸ்துமஸ்னா டிவியில ஒரே படத்த வருஷா வருஷம் போடுற பழக்கம் ரொம்ப ஜாஸ்தி, நமக்கு தீபாவளிக்கு புதுப்படம்னா அவங்களுக்கு கிறிஸ்துமஸ்க்கு பழைய படம். சுவீடன்ல 1960ல இருந்து டிசம்பர் 24 மதியம் மூணு மணிக்கு டொனால்ட் டக் கார்ட்டூன், ஊரே அந்த நேரத்துக்கு உக்காந்துடும். போலந்துல 'ஹோம் அலோன்', வீட்ல தனியா மாட்டிக்கிட்ட அமெரிக்கப் பையன் படம். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 1973ல வந்த ஒரு சிண்ட்ரெல்லா படம், தமிழ்ல சொன்னா 'சிண்ட்ரெல்லாவுக்கு மூணு ஹேசல் கொட்டை'. செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேந்து எடுத்தது, இயக்குனர் வாட்ஸ்லாவ் வோர்லீச்செக். முதல்ல கோடையில எடுக்குறதாதான் பிளான், கிழக்கு ஜெர்மன் ஸ்டுடியோவுக்கு குளிர்காலத்துலதான் ஆள் ஃப்ரீயா இருந்தாங்கன்னு மாத்துனாங்க, அதனாலதான் படம் பூரா பனி, அதனாலதான் அது கிறிஸ்துமஸ் படமாவே ஆச்சு. இந்த சிண்ட்ரெல்லா குதிர ஓட்டுவா, வில்லு விடுவா, இளவரசன் வந்து காப்பாத்தணும்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டா. டிரெஸ்டன் பக்கத்துல இருக்குற மோரிட்ஸ்புர்க் கோட்டையிலதான் அந்த நடன விருந்துக்கான அரண்மனை, இப்பவும் குளிர்காலத்துல படத்த நேசிக்கிறவங்க கூட்டம் அங்க போகுது. நார்வேயில இத டிசம்பர் 24 காலையில போடுவாங்க, அதுவும் க்னுட் ரிசான்னு ஒரே ஒரு ஆண் குரல்ல, சிண்ட்ரெல்லா, சித்தி, இளவரசன் எல்லாருக்கும் அவரே, அடியில செக் மொழி கேட்டுக்கிட்டே இருக்கும். அவங்களுக்கு அந்தக் குரல் இல்லன்னா கிறிஸ்துமஸ் இல்ல. 2021ல நார்வேயே அந்தக் கதைய புதுசா எடுத்துச்சு.

இந்தப் படத்த எடுத்த ரெண்டு நாடும் இப்போ இல்ல. கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபர் 3ல மேற்கோட சேந்துடுச்சு. கருப்பு சிவப்பு தங்கக் கொடிக்கு நடுவுல 1959ல அவங்க ஒட்டுன சுத்தியலும் காம்பஸும் போச்சு, 1989 போராட்டத்துலயே ஜனங்க கத்திரியால அத வெட்டி எடுத்துட்டு நடுவுல ஓட்டையோட கொடிய தூக்கிட்டு நடந்தாங்க. அதே டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் வாரத்துல, ருமேனியாவுலயும் அதே ஓட்டைக் கொடிதான். செக்கோஸ்லோவாக்கியா 1992 டிசம்பர் 31 ராத்திரியோட ரெண்டா பிரிஞ்சது. பிரியும்போது ஒரு சட்டம், பழைய கூட்டாட்சியோட சின்னத்த ரெண்டு பேரும் எடுத்துக்கக் கூடாதுன்னு. ஆனா செக் நாடு அந்த நீல முக்கோணம் போட்ட கொடிய விடல. விட்டுட்டு பொஹீமியாவோட பழைய வெள்ளை சிவப்புக்கு போனா போலந்து கொடி மாதிரியே ஆயிடும்ங்கிறது ஒரு காரணம், 1920ல இருந்து பழகுன கொடிங்கிறது இன்னொரு காரணம். ரெண்டு அரசாங்கம் போச்சு, ஸ்டுடியோ கைமாறுச்சு, சிண்ட்ரெல்லா மட்டும் வருஷம் தவறாம அதே குதிரையில பனியில வந்துக்கிட்டே இருக்கா.

இதே கதைய இன்னும் பெருசா பாக்கணும்னா மாஸ்கோ. 1991 டிசம்பர் 25, கோர்பச்சேவ் டிவியில பேசி ராஜினாமா பண்ணாரு, கொஞ்ச நேரத்துல, ராத்திரி 7.32க்கு, கிரெம்ளின் மேல இருந்து சோவியத் செங்கொடி இறங்குச்சு, ரஷ்யாவோட வெள்ளை நீலம் சிவப்பு ஏறுச்சு. மேற்கு நாடுங்க எல்லாம் கிறிஸ்துமஸ் விருந்துல உக்காந்து டிவியில பாத்தாங்க. ரஷ்யாக்காரங்களுக்கு அது கிறிஸ்துமஸே இல்ல, ஆர்த்தடாக்ஸ் கணக்குப்படி அவங்களுக்கு ஜனவரி 7. அவங்களுக்கு குளிர்காலத்துல பெரிய பண்டிகை நியூ இயர்தான், அதுக்குக் காரணமும் அந்தச் செங்கொடிதான். மதப் பண்டிகைன்னு சோவியத் ஆட்சி ஒதுக்கி வச்ச ஃபிர் மரத்த 1935 கடைசியில நியூ இயர் மரம்னு பேர் மாத்தி திரும்ப கொண்டு வந்தாங்க, உச்சியில இருந்த பெத்லகேம் நட்சத்திரத்துக்கு பதிலா கொடியில இருக்குற அதே ஐந்து முனை சிவப்பு நட்சத்திரம். டென்மார்க்ல கொடி தானா மரத்துல ஏறுச்சு, இங்க அரசாங்கம் ஏத்தி வச்சுது. ஆனா ஒரு தலைமுறை போனதும் புள்ளைங்களுக்கு அது வெறும் நட்சத்திரம்தான், பாட்டி வீட்டு பெட்டியில பஞ்சு சுத்தி வச்சிருக்குற கண்ணாடி நட்சத்திரம்.

அவங்களுக்கும் ஒரு படம் உண்டு. எல்தார் ரியசானோவ் எடுத்தது, 'விதியின் விளையாட்டு'ன்னு வச்சுக்கலாம், 1976 ஜனவரி 1ம் தேதி டிவியில முதல் தடவ வந்துச்சு. மாஸ்கோ டாக்டர் ஒருத்தர் நியூ இயருக்கு முந்தின நாள் நண்பர்களோட குளியல் விடுதியில குடிச்சுட்டு தவறுதலா லெனின்கிராட் விமானத்துல ஏறிடுவாரு, இறங்கி டாக்ஸிக்காரன் கிட்ட தன் தெருப் பேர சொல்வாரு, அங்கயும் அதே பேர்ல தெரு, அதே மாதிரி கட்டடம், அதே நம்பர் ஃப்ளாட், சாவியும் பொருந்தும்! உள்ள போய் படுத்துடுவாரு, வீட்டுக்காரம்மா வந்து பாத்து அலறுவாங்க, அப்புறம் காதல். நாடு பூரா ஒரே அச்சுல வீடு கட்டுன காலத்த அப்படி கிண்டல் பண்ண படம் அது. அந்த நாடும் போச்சு, லெனின்கிராட்ங்கிற பேரும் 1991ல போயி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிடுச்சு, கொடி இறங்கி முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. டிசம்பர் 31 ஆனா படம் ஓடுது, வெட்டி வச்ச சாலட் பக்கத்துல இருக்க, எல்லாரும் அடுத்த வசனத்த முன்னாடியே சொல்லிக்கிட்டு பாக்குறாங்க.

கடைசியா ரெண்டு தீவு. ரெண்டுக்குமே பேரு கிறிஸ்துமஸ். ஒன்னு நம்ம இந்தியப் பெருங்கடல்லயே இருக்கு, ஜாவாவுக்கு தெக்கால, 1643 டிசம்பர் 25 அன்னைக்கு கிழக்கிந்திய கம்பெனி கப்பல்ல போன வில்லியம் மைனோர்ஸ் அந்தப் பேர வச்சாரு. 1958ல சிங்கப்பூர் நிர்வாகத்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு போச்சு. பேருல பண்டிகை இருக்கே, கொடியில மரமோ நட்சத்திரமோ இருக்கும்னு தேடுனா கிறிஸ்துமஸ் மரம் இல்ல, நட்சத்திரம் இருக்கு, ஆனா அது தென் வானத்து சிலுவை நட்சத்திரக் கூட்டம், கூடவே ஒரு தங்க நிற கடல் பறவை, நடுவுல மஞ்சள் வட்டத்துல தீவோட வரைபடம். 1986ல போட்டி வச்சு தேர்ந்தெடுத்து, 2002லதான் அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிட்டாங்க. மழை ஆரம்பிச்சா கோடிக்கணக்கான சிவப்பு நண்டு காட்டுல இருந்து கடலுக்கு ரோட்ட மறிச்சுக்கிட்டு நடக்கும், அந்த ஊரோட பண்டிகைக்கால சிவப்பு அதுதான். நமக்கு இந்தத் தீவு வேற விதத்துலயும் தெரியும், இலங்கையில இருந்து படகேறுன எத்தனையோ தமிழர்கள அடைச்சு வச்ச முகாம் அங்கதான், 2019ல இருந்து 2021 வரைக்கும் ரெண்டு பெண் குழந்தைங்களோட ஒரு தமிழ்க் குடும்பத்த அங்க வச்சிருந்தாங்க. அந்தப் பேர தமிழ்ல கேக்கும்போது எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்தக் குழந்தைங்கதான், அத மறைச்சுட்டு இந்தத் தீவப் பத்தி எழுத முடியல.

இன்னொன்னு பசிபிக் கடல்ல, கிரிபாத்தி நாட்டுல. 1777 டிசம்பர் 24 அன்னைக்கு கேப்டன் ஜேம்ஸ் குக் வந்து சேந்து கிறிஸ்துமஸ் தீவுன்னு பேர் வச்சாரு. அந்த ஊர் மொழியில எழுத்துல 'தி' வந்தா வாயில 'ஸ்'னு சொல்வாங்க, அதனால எழுதுறது கிரிதிமாத்தி, சொல்றது கிரிஸ்மஸ். நாட்டுப் பேரும் அப்படியேதான், எழுதுறது கிரிபாத்தி, சொல்றது கிரிபாஸ். 1979ல சுதந்திரம் வாங்குனப்போ ஏத்துன கொடியில கடல் அலை மேல சூரியன் எழுது, அதுக்கு மேல ஒரு பறவை பறக்குது. மூணு வெள்ளை அலைக்கோடு மூணு தீவுக் கூட்டம், சூரியனோட 17 கதிர் கில்பர்ட் தீவு பதினாறும் பனாபாவும். நாடு உலகத் தேதி மாறுற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பரவி இருந்ததால ஒரு பக்கம் திங்கள்னா இன்னொரு பக்கம் ஞாயிறுன்னு இருந்துச்சு, 1995ல அந்தக் கோட கிழக்கால தள்ளி வச்சுட்டாங்க. அதுல இருந்து உலகத்துலயே முதல்ல புது வருஷம் பொறக்குறது கிரிதிமாத்தியில. அங்க ராத்திரி 12 அடிக்கும்போது நமக்கு டிசம்பர் 31 மதியம் மூன்றரை மணி, மாஸ்கோவுல மதியம் ஒரு மணி, சாலட்டுக்கு உருளைக்கிழங்கு வெந்துக்கிட்டு இருக்கும், கோபன்ஹேகன்ல காலையில பதினோரு மணி, மரத்துல பேப்பர் கொடி இன்னும் தொங்கிக்கிட்டுதான் இருக்கும்.